ஜாமினி ராயும் அயல்நாட்டு ரசிகர்களும்

வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் 1887-இல் பிறந்த ஜாமினி ராய், கல்கத்தா அரசினர் கலைப் பள்ளியில் மேனாட்டு முறையில் ஓவியம் பயின்றவர். பின்னர் அம்முறையைக் கைவிட்டு, காளிகாட் கோயிலருகே படம் எழுதி விற்றோரின் அழுத்தமான கோடுகளையும், மண்ணாலும் விளக்குக் கரியாலும் ஆன வண்ணங்களையும் கைக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாவில் தங்கியிருந்த பிரிட்டிஷ், அமெரிக்கப் படையினர் அவர் இல்லம் தேடிச் சென்று படங்களை வாங்கினர். எளியோரும் வாங்க வேண்டும் என்பதற்காக அவர் விலையைக் குறைவாகவே வைத்திருந்தார். குடும்பத்தினர் துணையுடன் ஒரே படத்தைப் பலமுறை எழுதியதும் உண்டு. இதனைக் குறையெனக் கூறிய விமர்சகர்கள் இருந்தனர். ஆயினும் அவர் பெயர் கடல் கடந்த இல்லங்களை எட்டியதற்கு இம்மலிவும் ஒரு காரணமே. ஜான் இர்வினும் கவிஞர் விஷ்ணு தேயும் 1944-இல் வெளியிட்ட ஆங்கில நூல், அக்கலையை மேனாட்டு விமர்சகர்க்கு விளக்கிற்று. 1946-இல் லண்டனிலும் 1953-இல் நியூயார்க்கிலும் கண்காட்சிகள் நடைபெற்றன.

அவர் மறைந்த 1972-இல் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்கீழ் 1976-இல் அவருடைய படைப்புகள் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டமையால், இந்தியாவிலுள்ள படங்களை அயல்நாட்டவர்க்கு விற்று அனுப்புதல் இயலாது. வெளிநாட்டு ஏலங்களில் முறையாகக் கைமாறுபவை முன்னரே சென்றுவிட்ட படங்களே. போர்வீரர் பெட்டிகளில் சென்றவையும் அவற்றுள் அடங்கும்.