சாயா கொட்டிய கம்ப்யூட்டர்

நனைந்த பெட்டி பிழைக்குமா என்பதை முதல் ஐந்து நிமிடமும் அடுத்த மூன்று நாளும் தீர்மானிக்கின்றன

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டருக்கு இரண்டு விரோதிகள். ஒன்று வானத்திலிருந்து கொட்டுகிறது. இன்னொன்று தட்டுக்கடையிலிருந்து கண்ணாடி கிளாஸில் நுரை ததும்ப மேஜைக்கு வருகிறது.

கெல்ட்ரான் 1973-இலும், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-இலும் தொடங்கப்பட்ட ஊர் இது. சாலைக் கடைத்தெரு வியாபாரியின் கணக்கிலிருந்து காரியவட்டம் மாணவரின் ஆய்வேடு வரை எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கம். அதன் தலையில் ஒரு கிளாஸ் சாயா கவிழ்ந்தால்? வெள்ளமே உள்ளே வந்தால்? 2023 அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையில் தெற்றியாறும் ஆமையிழஞ்சான் தோடும் கரைபுரண்டன. கழக்கூட்டம் துணைமின் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. இப்படிப்பட்ட இரவுகளில் முதலில் நனைவது தரையில் வைத்த சி.பி.யு. பெட்டிதான்.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். வம்பு அதில் கரைந்திருப்பவற்றால் வருகிறது. குழாய்த் தண்ணீரில் உப்பு, சாயாவில் பாலும் சர்க்கரையும், வெள்ளத்தில் சேறும் சாக்கடையும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஈரம் மதர்போர்டின் நுண்ணிய தடங்களுக்கிடையே பாலம் போடுகிறது. உலோகம் கரைந்து, மரக்கிளை போல் மெல்லிய இழைகளாக வளர்ந்து, ஷார்ட் சர்க்யூட்டில் முடிகிறது. மின்சாரம் இல்லையென்றால் இதே அழிவு நத்தை வேகத்தில்தான் நடக்கும். ஆகவே முதல் வைத்தியம் மின்சாரத்தை நிறுத்துவது.

ஃபைலைச் சேமித்துவிட்டு நிறுத்தலாம் என்ற சபலம் வேண்டாம். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சோ தரையோ நனைந்திருந்தால் அதைத் தொடாமல், உலர்ந்த இடத்திலிருக்கும் மெயின் சுவிட்சை அணையுங்கள். பலரும் மறப்பது யு.பி.எஸ்.ஸை. கரண்ட் போனாலும் அது தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கும். வெறும் ஷட்-டவுனும் போதாது. பிளக் இருக்கும்வரை போர்டில் 5 வோல்ட் காத்திருக்கும். எல்லா இணைப்பையும் கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தினால் மிச்சமிருப்பதில் பெரும்பகுதி வடிந்துவிடும்.

அடுத்து பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, எந்த ஒயர் எங்கே என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, மெமரி, கார்டுகள், நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். தொடக்கூடாத ஒன்று பவர் சப்ளை பெட்டி. 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கும் அதன் உள்ளே கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளை அடிக்கும். அதற்குள் ஈரம் போயிருந்தால் புதிது வாங்குவதே புத்திசாலித்தனம்.

கொட்டியது வெறும் தண்ணீரென்றால் துடைத்து உலர்த்தினால் போதும். சாயாவென்றால் உலர்ந்தபின்தான் உபத்திரவம். பிசுக்காக ஒட்டிக்கொள்ளும் பாலும் சர்க்கரையும் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்து, உலோகத்தை அரிக்கும். எனவே கறை பட்ட இடத்தை டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கிறார்கள். சர்க்கரை தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது. ஆல்கஹால் ஈரத்தை அழைத்துக்கொண்டு ஆவியாகும். அருகில் நெருப்பு கூடாது. கை பழகாதவர்கள் இந்தக் கட்டத்தை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

பிறகு ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் இன்னும் ஒரு நாள் கூடுதலாக. அரிசி மூட்டைக்குள் புதைப்பது வீண் வேலை. அரிசியின் தூசிதான் உள்ளே போகும். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்று ஈரத்தைச் சிப்புகளுக்கு அடியில் தள்ளும், பிளாஸ்டிக்கை நெளிக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இரண்டு மணி நேரத்தில் ‘ஆன் ஆகிறதா பார்க்கலாம்’ என்ற ஆவல். பிழைத்திருக்கக்கூடிய பெட்டிகள் பல இந்த ஆவலில்தான் உயிரை விடுகின்றன.

லேப்டாப்பைவிட டெஸ்க்டாப்புக்கு இதில் யோகம் அதிகம். லேப்டாப்பில் கீபோர்டுக்கு நேர் கீழே மதர்போர்டு. டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் கீபோர்டு மட்டுமே பலியாகிறது, அது சில நூறு ரூபாய் சமாசாரம். வாரண்டியை நம்பவேண்டாம். திரவம் பட்ட சேதத்தை அது பொதுவாக ஏற்பதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய பெட்டியின் கதை வேறு. அங்கே காப்பாற்ற வேண்டியது ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டுக்கு மேலே மயிரிழையினும் மிகச் சிறிய இடைவெளியில் அதன் தலை மிதக்கிறது. சேறு உலர்ந்த துகள் ஒன்றே தட்டைக் கீறப் போதும். எனவே அதைத் திறக்கவோ, சூடாக்கவோ, மின்சாரம் கொடுத்துப் பார்க்கவோ கூடாது. ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் மூடி, தகவல் மீட்பு நிபுணர்களிடம் சேர்க்க வேண்டும். 2003-இல் சிதறி விழுந்த கொலம்பியா விண்கலத்தில் இருந்த ஒரு ஹார்டு டிஸ்க், கருகிய நிலையில் கிடைத்தது. அதிலிருந்து சுமார் 99 சதவீதத் தகவலை மீட்டார்கள். அந்தச் சோதனையின் முடிவுகள் 2008-இல் வெளியாயின. ஆனால் இத்தகைய மீட்பின் செலவு பல சமயம் புதுக் கம்ப்யூட்டரின் விலையைத் தாண்டும்.

மலிவான வழி ஒன்றை இந்த மண் எப்போதோ கண்டுபிடித்தது. ஈரமும் பூச்சியும் ஓலையைத் தின்றுவிடும் என்று அறிந்த ஏடெழுதுவோர், பழையது மடிவதற்குள் புதுப் பிரதி எழுதி வேறு வேறு வீடுகளிலும் மடங்களிலும் வைத்தார்கள். அதனால்தான் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட பாசனின் நாடகங்கள் என்று 13 நாடகங்களை, கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்திலிருந்து அச்சில் கொண்டுவர முடிந்தது. பெட்டியைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள், சாயாவை வேறு மேஜையில் குடியுங்கள். எழுதியதற்கு ஒரு பிரதி எடுத்து வேறொரு கூரையின் கீழ் வைத்துவிட்டால், அதன்பின் நனைவது வெறும் தகரம்தான்.