மண்வெட்டியைத் தொடரும் பறவைகள்

தோட்டத்தில் மண்ணைக் கொத்தும்போது சில பறவைகள் அச்சமின்றி அருகே வந்து காத்திருப்பதை விவசாயிகள் யாவரும் கண்டிருப்பார்கள். இங்கிலாந்தில் ராபின் என்னும் செம்மார்புக் குருவி, தோட்டக்காரர் மண்ணில் ஊன்றிவைத்த மண்வாரியின் பிடிமேலேயே வந்து உட்காரும். காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறும்போது வெளிப்படும் புழுக்களைத் தின்று பழகிய அப்பறவை, மனிதரையும் மண் கிளறும் பிராணியாகவே கருதித் தொடர்கின்றது என்பது அறிஞர் கொள்கை. நமது தோட்டங்களிலும் வயல்களிலும் இதே தொழிலைச் செய்யும் பறவைகள் பல உண்டு. அவற்றை அறிந்து ஆதரிப்பது சாகுபடிக்கு மிகுந்த அநுகூலமாகும்.

அப்பறவைகள் யாவை?

குண்டுகரிச்சானும் கருஞ்சிட்டும் மேற்படி ராபினின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குண்டுகரிச்சானில் ஆண் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். விடியற்காலையில் உயரமான கிளையிலிருந்து இனிமையாகப் பாடும். கருஞ்சிட்டு வாலை நிமிர்த்திக்கொண்டு வேலியோரத்திலும் கற்குவியலிலும் தத்தித் திரியும். இவ்விரண்டும் பாத்தியிலுள்ள புழு பூச்சிகளைப் பொறுக்கித் தின்கின்றன.

இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான் ஏர் செல்லும் வழியிலும் மாட்டின் முதுகிலும் அமர்ந்து, எழும்பும் வெட்டுக்கிளிகளையும் அந்துப்பூச்சிகளையும் பறந்து பிடிக்கும். உண்ணிக்கொக்கு முன்பு ஏரைத் தொடர்ந்தவாறே இன்று டிராக்டரையும் தொடர்கின்றது. படைச்சாலில் புரளும் வேர்ப்புழு, வெட்டுப்புழு, பிள்ளைப்பூச்சி முதலியவற்றை இதுவும் மைனாவும் தின்றுவிடுகின்றன. மண்ணுக்குள் மறைந்திருக்கும் இப்புழுக்களைத் தெளிப்பு மருந்தால் அழிப்பது எளிதன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பறவைகளின் இரை யாதென்பதை நமது நாட்டில் முறையாக ஆராய்ந்தவருள் மேசன் என்பவர் முக்கியமானவர். பீகாரிலுள்ள பூசாவில் பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து பரிசோதித்து அவர் எழுதிய நூல் 1912இல் வெளிவந்தது. அதற்கு வெகுகாலம் முன்னரே, 1762இல், வெட்டுக்கிளியை அடக்கும்பொருட்டு இந்தியாவிலிருந்து மொரீஷியஸ் தீவிற்கு மைனாக்கள் கொண்டுபோகப்பட்டன. எனினும் எப்பறவையும் நன்மை மட்டுமே செய்வதன்று. கரிச்சான் தேனீயையும் பிடிக்கும். மைனா பழங்களைக் கொத்தும். நட்டத்தையும் இலாபத்தையும் சேர்த்துப் பார்த்தே மதிப்பிடவேண்டும்.

வடசென்னைப் பிரதேசம்

இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கடலோரம் இன்று துறைமுகங்களும் ஆலைகளும் நிறைந்த இடமாயிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பாலை வேலை தொடங்கிற்று. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இவற்றிற்கு அப்பால் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் நெல் வயல்களும் தோட்டங்களும் எஞ்சியிருக்கின்றன. ஆலைகளின் நடுவே பறவைக்கு இரையும் கூடும் அரிது. ஆகையால் இவ்வயல்களில் ஒரு பழைய மரத்தை வெட்டினாலும், ஒரு வேலியை அழித்தாலும் அதன் நட்டம் மற்ற இடங்களைவிட அதிகம்.

செய்யவேண்டியவை

1. வரப்பிலும் கிணற்றடியிலும் உள்ள பழைய மரங்களைக் காப்பாற்றவேண்டும். குண்டுகரிச்சான் பொந்துகளிலும் சுவர்த்துளைகளிலும் கூடு கட்டும். கரிச்சான் கிளைக் கவட்டில் கூடு கட்டி, அருகே வரும் காக்கையையும் பருந்தையும் துரத்தும்.

2. மரமில்லாத வயலில் ஏக்கருக்கு 20 வீதம், குறுக்குக் கழி கட்டிய கொம்புகளைப் பயிருக்குச் சற்று உயரமாக நடலாம். கரிச்சான் அவற்றின்மேல் அமர்ந்து பூச்சி பிடிக்கும். தானியம் பால் பிடிக்கும் தருணத்தில் கொம்புகளை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் கதிரைத் தின்னும் பறவைகளும் வந்து அமரும்.

3. பூச்சி கண்டவுடனே மருந்து தெளிப்பதை விட்டு, சேதத்தின் அளவைக் கண்டபின் செய்யவேண்டும். நஞ்சுண்ட பூச்சியைத் தின்ற பறவையும் நஞ்சுக்குள்ளாகும். குருணை மருந்து மண்ணின்மேல் சிந்திக் கிடந்தால் பறவைகள் அதை விதையென்று எண்ணிக் கொத்தி மடியும். ஆகையால் அதை மண்ணில் நன்கு மூடவேண்டும்.

4. கொக்கு, மடையான் முதலியவற்றை இறைச்சிக்காக வலைவைத்தும் நஞ்சிட்டும் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதை ஊராருக்கு எடுத்துக் கூறி, மீறுவோரைப் பற்றி வனத்துறைக்குத் தெரிவிக்கவேண்டும்.

பறவை நம்மை நாடி வருவது நம் மீதுள்ள அன்பினால் என்று நினைப்பதில் தவறில்லை. ஆயினும் அது தேடுவது நாம் புரட்டும் மண்ணிலுள்ள இரையையே. நாம் உழுவதால் அதற்கு உணவு கிடைக்கின்றது. அது தின்பதால் நமது பயிர் பிழைக்கின்றது. கூலி கேளாத இவ்வேலையாட்களுக்கு நாம் கொடுக்கவேண்டியது ஒரு மரமும் நஞ்சில்லாத சிறிது நிலமுமே. அடுத்த முறை மண்வெட்டியை எடுக்கும்போது அருகே வந்து நிற்கும் குருவியை விரட்டாமல் விடுவதே இதற்குத் தொடக்கமாகும்.