பேக்கரி ‘செர்ரி’யின் நிஜப் பெயர் களாக்காய்... முள்ளுக்குள்ளிருந்து ஒரு பாட்டில் ஜெல்லி!

கிரீம் பன்னின் நடுவில், பிறந்தநாள் கேக்கின் உச்சியில், ஸ்வீட் பீடாவின் தலையில்... சிவப்பாக, பளபளவென்று ஒரு உருண்டை இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அதை மட்டும் கடைசியாகத் தின்பதற்கு ஒதுக்கி வைக்காதவர்கள் குறைவு. ‘செர்ரி’ என்று சொல்லித்தான் அதை நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் அதில் பெரும்பாலானது செர்ரியே இல்லை. விதையை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றிய களாக்காய்!

நிஜ செர்ரி குளிர்ப் பிரதேசத்துப் பழம். நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சலம் போன்ற இடங்களில்தான் விளைகிறது, விலையும் அதிகம். களாக்காய்க்கு அந்த வம்பெல்லாம் இல்லை. செம்மண் மேடு, பாறை இடுக்கு, கோயில்காடு, கண்மாய்க் கரை என்று தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்திலும் முளைத்து, முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கும். சில ஊர்களில் இதைக் கிளாக்காய் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் ‘பெங்கால் கரன்ட்’ என்றார்கள். முள்ளைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, ‘கிறிஸ்துவின் முள்’ என்றும் ஒரு பெயர் வைத்தார்கள்.

இந்தப் பழத்துக்கு அரச சம்பந்தமும் உண்டு. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குத் தலைவனான சேர மன்னனின் பெயர், களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல். முடிசூடும் நேரத்தில் முறையான மாலையும் மகுடமும் கைக்கு வராததால், களங்காயால் மாலை கட்டி, நாரால் முடி செய்து அணிந்துகொண்டான் என்று பழைய உரை சொல்கிறது. ராஜா கழுத்தில் ஏறிய காய்தான், இன்றைக்குப் பெயரை மறைத்துக்கொண்டு பன்னில் உட்கார்ந்திருக்கிறது.

சாயம் தேவைப்படாத ஒரு வழியும் இதற்கு இருக்கிறது. அதுதான் ஜெல்லி. பழுத்த களாவைக் காய்ச்சினால் மாணிக்கச் சிவப்பு தானாகவே வந்துவிடும். கட்டியாக்குவதற்குக் கடையிலிருந்து எந்தப் பொடியும் வாங்க வேண்டாம். பழம், தண்ணீர், சர்க்கரை... அவ்வளவுதான்.

பறிக்கும் முன் ஒரு நிமிடம்

சமையல் குறிப்புக்குத் தாவும் முன் கொஞ்சம் பொறுங்கள். காட்டுப் பழம் என்றால் முதல் வேலை அடுப்படியில் இல்லை; செடியடியில்.

களாச் செடி, அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. காயைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். மஞ்சள் அரளிக்காயைக் கிள்ளினாலும் அதே பால்தான் வடியும். அதுவும் பழுத்தால் கறுக்கும். ஆனால் அது உயிரைக் குடிக்கும் விஷம். இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிவிடும். காட்டாமணக்கு விதையைக் கடலை மாதிரி இருக்கிறதென்று தின்றுவிட்டு, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக மருத்துவமனையில் சேர்க்கப்படும் செய்திகளையும் அவ்வப்போது படிக்கிறோம். செடி தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்த காலத்தில், ‘அதைத் தொடாதே, இதைத் தின்னு’ என்று சொல்ல ஆள் இருந்தது. இப்போது அந்த இடம் பல வீடுகளில் காலி.

எப்படி அடையாளம் காண்பது? களாவில் முள் கட்டாயம் உண்டு. இலைக் கணுவில் இரண்டிரண்டாக, சில முட்கள் கவட்டை போலப் பிரிந்தும் நிற்கும். இலை எதிரெதிராக, சற்று உருண்டையாக, தோல் மாதிரித் தடிப்பாக இருக்கும். பூ வெள்ளையாக, மல்லிகை ஜாடையில் மணக்கும். காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வெண்மையும் இளஞ்சிவப்புமாக இருந்து, கருஞ்சிவப்பாகி, கடைசியில் கறுப்பாகும். பழத்தை வெட்டினால் உள்ளே தட்டையான சின்னச் சின்ன விதைகள் சில இருக்கும்.

மஞ்சள் அரளியில் முள்ளே கிடையாது. இலை நீண்டு ஒடுங்கி, கத்தி மாதிரி இருக்கும். காய் முக்கோண வாட்டத்தில் இருக்கும். உள்ளே கல் போல ஒரு பெரிய கொட்டை இருக்கும்.

இத்தனையும் படித்த பிறகும் செடியைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், பறிக்க வேண்டாம். செல்போனில் படம் எடுத்து, செயலியிடம் கேட்டு முடிவு செய்வதும் வேண்டாம். களாவைப் பறித்துப் பழகிய ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், சீசனில் சந்தையிலும் பேருந்து நிலைய வாசலிலும் கூறு கட்டி விற்பவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. தெரியாத காயை யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்கிறேன், புளித்தண்ணீர் கொடுக்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாமல், மீதிக் காயையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழைப்பதுதான் சரி.

இன்னொரு விஷயம், இடம். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்குள் கூடையோடு போய்ப் பழம் பறிப்பது சட்டப்படி சிக்கல். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினருக்கும் தலைமுறை தலைமுறையாகக் காட்டைச் சார்ந்து வாழ்பவர்களுக்கும்தான் சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையைத் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு அல்ல. சொந்தத் தோட்டத்து வேலி, தெரிந்தவர் நிலம், ஊர்ப் பொதுவில் நிற்கும் புதர் என்றால் பிரச்னையில்லை. அங்கேயும் புதரையே வழித்தெடுத்துவிடக் கூடாது. கொண்டைக்குருவிக்கும் மரநாய்க்கும் அதுதான் சாப்பாடு. அவைதான் விதையை அடுத்த மேட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுகின்றன.

கொஞ்சம் காய், நிறையப் பழம்

ஆடி, ஆவணி வாக்கில் பழம் நன்றாகக் கறுத்திருக்கும். ஜெல்லிக்கு முழுக்கக் கறுத்த பழமாகப் பொறுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. ஜெல்லியைக் கட்டியாக்குவது பெக்டின் என்ற பொருள். செடிகளின் செல் சுவரில் இருக்கும் பசை இது. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராக்கொனோ 1825-ல் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். பழம் கனியக் கனிய இந்தப் பசை சிதைந்துகொண்டே போகும். அதனால் மூன்று பங்கு பழுத்தது, ஒரு பங்கு இன்னும் சிவப்பு மாறாத செங்காய் என்று கலந்துகொள்ள வேண்டும். நிறமும் வாசனையும் பழத்திலிருந்து, பிடிமானம் செங்காயிலிருந்து!

ஒரு கிலோ களாவை எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் துளி நல்லெண்ணெய் தடவிக்கொண்டு காம்பைக் கிள்ளுங்கள். இல்லாவிட்டால் பால் பிசின் மாதிரி விரலில் ஒட்டிக்கொள்ளும், சோப்புக்கும் மசியாது. கிள்ளிய காயை உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் பால் பெரும்பாலும் போய்விடும்.

பாத்திரம் அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். களாவின் புளிப்புக்கு அலுமினியமும் இரும்பும் ஆகாது. ருசியும் நிறமும் கெடும். பழம் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, மிதமான தீயில் 20 முதல் 30 நிமிடம் வேகவிட வேண்டும். தோல் வெடித்துக் குழைந்ததும் மத்தால் லேசாக மசித்துவிடுங்கள். மிக்ஸி பக்கம் போகவே வேண்டாம். விதை அரைபட்டால் சாறு கசக்கும், கலங்கலும் ஆகும்.

அடுத்தது வடிகட்டுவது. பழைய வெள்ளை வேட்டித் துணியை வெந்நீரில் அலசிப் பிழிந்து, அதில் குழம்பை ஊற்றி, மூட்டையாகக் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். கீழே ஒரு பாத்திரம். சொட்டுச் சொட்டாக இறங்கும். பொறுமை போய் ஒரு பிழி பிழிந்தால் சாறு கூடுதலாகக் கிடைக்கும்தான். ஆனால் ஜெல்லி கண்ணாடி மாதிரி தெளியாது. பிழிந்துவிட்டீர்களா? கவலை வேண்டாம், ருசி ஒன்றுதான். பார்க்க மட்டும் மங்கலாக இருக்கும்.

பாகு தெரிந்தவர்களுக்கு இது பாதி வேலை

காலையில் சாற்றை அளந்துகொள்ளுங்கள். களாவில் பெக்டினும் அதிகம், புளிப்பும் அதிகம். அதனால் ஒரு டம்ளர் சாறுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை தாராளமாகத் தாங்கும். எலுமிச்சை தேவையில்லை. (புளிப்புக் குறைந்த வேறு பழமென்றால் எலுமிச்சைச் சாறு சேர்த்தே ஆக வேண்டும்.) சாற்றை முதலில் கொதிக்கவிட்டு, பிறகு சர்க்கரை போட்டுக் கரைத்து, தீயைக் கூட்டிவிடுங்கள். பாதிப் பாத்திரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பொங்கி வழிந்தால் அடுப்பைச் சுரண்டியே பொழுது போய்விடும். மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? பெக்டின், நீண்ட நூல் மாதிரியான பொருள். சாதாரணமாக அந்த நூல்கள் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு, ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். சர்க்கரை அந்தத் தண்ணீரைப் பிடுங்கிக்கொள்கிறது. புளிப்பு, விலக்கும் குணத்தைத் தணிக்கிறது. உடனே நூல்கள் பின்னிக்கொண்டு வலையாகி, சாற்றைத் தங்களுக்குள் சிறைபிடிக்கின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வலை விழாது. ‘உடம்புக்கு நல்லது’ என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் ஜெல்லி சர்பத்தாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பதம்தான் எல்லாமே. சமையலறையில் தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி செல்சியஸில் அடுப்பை அணைக்கலாம். ஆனால் இது சமவெளிக் கணக்கு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீரே ஏறக்குறைய 93 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே 105-க்குக் காத்திருந்தால் பாத்திரத்தில் மிஞ்சுவது மிட்டாய்தான். எந்த ஊராக இருந்தாலும் தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 5 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டர் இல்லையா? அதிரசத்துக்கும் பொரிவிளங்காய் உருண்டைக்கும் பதம் பார்த்த கைகளுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் இங்கே விரல் நடுவே கம்பி தேட வேண்டாம். கரண்டியில் எடுத்துச் சற்று ஆறவிட்டுச் சாய்த்தால், முதலில் தண்ணீராகச் சொட்டும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு சொட்டாகப் பிரிந்து விழும். அந்த இரண்டு சொட்டும் ஒன்றாகச் சேர்ந்து, ஏடு மாதிரி தகடாகக் கழன்று விழும் நிமிடம்தான் பதம். இன்னொரு வழியும் உண்டு. ஃப்ரீசரில் வைத்த சில் தட்டில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதம் தாண்டிவிடும். தாண்டினால் ரப்பராகும்; இன்னும் தாண்டினால் பெக்டினே உடைந்து, எப்போதும் கட்டியாகாத பாகாகிவிடும்.

கண்ணாடி பாட்டில்களை முன்கூட்டியே 15 நிமிடம் கொதிநீரில் போட்டு, ஈரமில்லாமல் உலர்த்தி வைத்திருக்க வேண்டும். ஜெல்லி சூடாக இருக்கும்போதே, பாட்டிலும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றி மூட வேண்டும். அசைக்காமல் ஒரு நாள் விடுங்கள். ஜெல்லியில் சர்க்கரையின் அடர்த்தி 65 சதவிகிதத்தைத் தொட்டிருந்தால், திறக்காத பாட்டில் இருட்டான அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். திறந்த பிறகு ஃப்ரிட்ஜ்தான். ஈர ஸ்பூன் கூடவே கூடாது. மேலே பூஞ்சை பூத்தால், அதை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடும் சிக்கனம் வேண்டாம்; பாட்டிலோடு போகட்டும். விற்கும் யோசனை இருப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாதிக்கு மேல் சர்க்கரை என்பதால், சர்க்கரை நோயாளிகளுக்கு இது ‘காட்டுப் பழம்தானே’ என்று சலுகை காட்டாது.

சப்பாத்திக்கும் பிரெட்டுக்கும் மட்டுமில்லை, அடைக்குத் தொட்டுக்கொண்டு பாருங்கள். காரமும் புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே சேரும். துணியில் தங்கிய சக்கையையும் எறிய வேண்டியதில்லை. விதை நீக்கி, வெல்லமும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கிளறினால் பச்சடி.

நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் களாவுக்குப் பதில் தவிட்டுப்பழம். இளஞ்சிவப்புப் பூவும் கருநீலப் பழமுமாக மலைச்சரிவில் நிற்கும் செடி அது. அங்கே ஜாமும் ஜெல்லியும் அந்தப் பழத்தில்தான்.

சமவெளியிலோ, களாப் புதர்கள் நிற்கும் மேட்டு நிலங்கள்தான் முதலில் மனைகளாகின்றன. பொக்லைன் வந்தால் முதலில் சாய்வது முட்புதர். தோட்டங்களில் உயிர்வேலி போய் கல்தூணும் கம்பியும் வந்துவிட்டன. ஆடு தாண்டாத வேலி, வறட்சியில் சாகாத செடி, வருடம் ஒரு முறை ஊறுகாய்க்குக் காய் என்று மூன்று வேலை பார்த்தது அது. கம்பிக்கு ஒரு வேலைதான் தெரியும்!

ஜெல்லி காய்ச்ச உட்காரும்போது, நன்றாகக் கறுத்த பழங்களில் பத்தை மட்டும் அடுப்புக்கு அனுப்பாமல் தனியே வையுங்கள். வெந்த விதை முளைக்காது. களா விதை காய்ந்து நாளானாலும் முளைப்புத்திறனை இழந்துவிடும். அதனால் பழத்திலிருந்து எடுத்துக் கழுவிய கையோடு, செம்மண்ணும் மணலும் கலந்த பையில் ஊன்றிவிட வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் எடுத்து வேலியோரம் வைத்தால், மூன்றாம் வருடம் வாக்கில் காய்க்கத் தொடங்கும். நடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கன்றுக்கும் முள் உண்டு.