கறுப்பாகிப் போன கூறைப்புடவை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. என் பாட்டியின் தாயாருக்கு 1938-இல் திருமணம் நடந்தபோது எடுத்தது. சென்ற ஆண்டு என் தம்பி அதைக் கணிப்பொறியின் உதவியால் வண்ணப்படமாக மாற்றி, பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தான். எண்பத்து மூன்று வயதான பாட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஏண்டா, எங்கம்மா கறுப்புப் புடவையிலா தாலி கட்டிக்கொண்டாள்? அவள் கூறை அரக்குச் சிவப்பாச்சே!" என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பழைய படத்தில் புடவை கறுப்பாக இருந்தது. கணிப்பொறி அதைக் கறுப்பு என்றே நம்பிவிட்டது. அப்படியானால் சிவப்பு எங்கே போயிற்று? இதற்கு விடை காண ஒரு வழி இருக்கிறது. இன்றைய டிஜிட்டல் காமிராவைப் பழைய காமிராவைப் போலப் "பார்க்க" வைப்பதே அது. உங்கள் கையில் உள்ள செல்பேசியே இச்சோதனைக்குப் போதும்.

சிவப்பைக் காணாத வெள்ளி

1851-இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்ற பசைக் கரைசலைப் பூசி, அதில் வெள்ளி உப்புகளை உருவாக்கி, ஈரம் உலர்வதற்குள் படம் எடுக்க வேண்டும். 1871-இல் ரிச்சர்டு மேடக்ஸ் கொலோடியனுக்குப் பதிலாக ஜெலாட்டினைப் பயன்படுத்தி, உலர்ந்த தகடுகளுக்கு வழி காட்டினார். முறைகள் மாறினாலும் ஒளியை உணரும் பொருள் மாறவில்லை. வெள்ளி அயோடைடு, வெள்ளி புரோமைடு போன்ற உப்புகளே அவை.

ஒளி, ஃபோட்டான்கள் என்னும் சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு ஃபோட்டானின் ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட்டில் அறிய, 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு ஏறத்தாழ 2.75 கிடைக்கும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக்கு 1.9 தான். வெள்ளி புரோமைடில் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 2.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும்.

இப்போது விஷயம் விளங்குகிறதல்லவா? நீல ஃபோட்டான் வேலையை முடித்துவிடும்; சிவப்பு ஃபோட்டானால் முடியாது. சிவப்பு ஒளியை அதிகமாகப் பாய்ச்சினாலும் பயனில்லை. ஐந்தடிச் சுவரைத் தாண்ட, மூன்றடி மட்டுமே குதிக்கக் கூடியவர்கள் நூறு பேர் வந்தாலும் ஒருவராலும் முடியாது. அதுபோலத்தான் இதுவும். ஆகவே சிவப்புப் பொருள் பழைய தகட்டுக்கு இருட்டே. படம் கழுவும் அறையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ள முடிந்ததும் இதனால்தான்.

1873-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல் ஒரு புது வழி கண்டார். வெள்ளி உப்புடன் ஏற்ற சாயத்தைச் சேர்த்தால், சாயம் பச்சை ஒளியை உறிஞ்சி அதன் பயனை வெள்ளி உப்புக்குக் கொடுத்துவிடுகிறது. நீலத்தையும் பச்சையையும் உணர்ந்து சிவப்பை மட்டும் உணராத தகடுகள் இவ்வாறு வந்தன. இவை ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் எனப்பட்டன. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906-இல் விற்பனைக்கு வந்தன. எனினும் அவற்றை முழு இருட்டில் கழுவ வேண்டும். ஆர்த்தோ தகட்டையோ சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். எனவே ஸ்டூடியோக்காரர்கள் பலர் அதை எளிதில் கைவிடவில்லை.

காமிராவின் மூன்று கண்கள்

டிஜிட்டல் காமிராவின் உணரி சிலிக்கானால் ஆனது. சிலிக்கானில் எலெக்ட்ரானை விடுவிக்க 1.1 எலெக்ட்ரான் வோல்ட் போதும். ஆகவே சிவப்பு மட்டுமன்றி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் ஒரு பகுதியையும் அது உணரும். அகச்சிவப்பைத் தடுக்க அதன்மேல் தனி வடிகட்டி வைக்கிறார்கள். பிறகு உணரியின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு. கால் பங்கு சிவப்புக்கு. கால் பங்கு நீலத்துக்கு. கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வகுத்த இந்த ஏற்பாட்டுக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது.

எனவே ஒரு வண்ணப்படத்துக்குள் உண்மையில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் அடங்கியிருக்கின்றன. சிவப்பையும் பச்சையையும் நீக்கி நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கொலோடியன் தகட்டின் பார்வை கிடைக்கும். நீலத்தையும் பச்சையையும் சம பங்காகக் கலந்தால் ஏறத்தாழ ஆர்த்தோ தகட்டின் பார்வை கிடைக்கும். வெறுமனே பழுப்பு நிறம் ஏற்றுவது, புது வீட்டுக்குக் காவி பூசிப் பழைய வீடு என்று சொல்வதைப் போன்றதுதான்.

செய்து பாருங்கள்

ஒரு வெள்ளைத் தட்டில் குங்குமம், மஞ்சள் தூள், வெற்றிலை, நீலத் துணி ஆகியவற்றை வையுங்கள். வெயிலில் படம் எடுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளில், படத்தை மூன்று நிறங்களாகப் பிரிக்கும் கட்டளை உண்டு. அதன்படி பிரித்து நீலப் படத்தைப் பாருங்கள். குங்குமம் கறுப்பாக இருக்கும். மஞ்சளும் கறுத்திருக்கும், ஏனெனில் அது நீல ஒளியை உறிஞ்சிவிடுகிறது. நீலத் துணியோ வெளுத்துத் தோன்றும். அடுத்து நீலத்தையும் பச்சையையும் கலந்து பாருங்கள். மஞ்சள் ஓரளவு வெளுக்கும். குங்குமம் கறுப்பாகவே நிற்கும்.

இதே வழியில் ஒரு கோபுரத்தை வானம் தெரியப் படம் எடுத்துப் பிரித்தால், நீலப் படத்தில் வானம் வெள்ளையாகிவிடும். பழைய காலத்துப் படங்களில் மேகமே இல்லாததன் காரணம் இதுவே. 1850-களில் கடற்காட்சிகளை எடுத்த பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் என எடுத்து, இரண்டையும் ஒரே படமாக அச்சிட்டார்.

பழைய படங்களுக்கு நேரமும் அதிகம் பிடித்தது. 1838-இல் டாகெர் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். தெருவில் போன வண்டிகளும் மக்களும் அதில் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். இதையும் நீங்கள் செய்யலாம். செல்பேசியை அசையாமல் நிறுத்தி, ஒரு தெருவை ஐம்பது முறை எடுத்து, கணிப்பொறியில் சராசரி காணுங்கள். ஒரே ஒரு படத்தில் ஓரிடத்தைக் கடந்து போனவரின் பங்கு அவ்விடத்தில் 2 சதவீதமே, அவர் மறைந்துவிடுவார். நின்றுகொண்டிருந்தவரோ நிலைப்பார்.

பழைய தகடு புற ஊதா ஒளியையும் உணர்ந்தது. நம் காமிராவோ பெரும்பாலும் அதைத் தடுத்துவிடுகிறது. தோலில் உள்ள மெலனின் நிறமி நீலத்தையும் புற ஊதாவையும் மிகுதியாக உறிஞ்சும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் நம் நாட்டவரின் முகங்கள், நேரில் இருந்ததைவிடக் கறுத்துப் பதிந்தன. அக்கறுப்பில் ஒரு பங்கு தகட்டினுடையது. நீலப் படம் இதில் பாதியைத்தான் நமக்குக் காட்டும். பழைய படங்களைக் கொண்டு மனிதரின் நிறத்தை எடைபோடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

மீண்டும் கூறைப்புடவை

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அந்தக் கூறையின் முந்தானைத் துண்டு ஒன்று கிடைத்தது. மடிப்பின் உட்புறம் இன்னும் அரக்குச் சிவப்பு. அதைப் படம் எடுத்து, சிவப்பை நீக்கி, நீலத்தையும் பச்சையையும் கலந்தேன். கூடத்துச் சுவரில் உள்ள அதே கறுப்பு! பாட்டி எதுவும் சொல்லவில்லை. துண்டைப் படத்தின் அருகே ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இச்சோதனை சிவப்பு கறுப்பாகப் பதியக்கூடும் என்பதைத்தான் காட்டுகிறது. உண்மையான கறுப்புப் புடவையும் அத்தகட்டில் அப்படியே பதிந்திருக்கும். தகட்டுக்கு எட்டாத நிறத்தை எந்தக் கணிப்பொறியாலும் படத்திலிருந்து மீட்க முடியாது. அது ஊகிக்கத்தான் முடியும். இங்கே சான்று தந்தவை ஒரு துணித் துண்டும் ஒரு மூதாட்டியின் நினைவுமே.

உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் இருக்கும். அவற்றை வண்ணமாக்க எண்ணினால், முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, எது என்ன நிறம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதிப் படத்தின் பின்னால் செருகி வையுங்கள். வெள்ளி உப்பு பதிவு செய்யாததை உங்கள் பேனாவாவது பதிவு செய்யட்டும்.