ஊட்டி 'மேகக்கடல்': அதிகாலையில் மட்டும் தெரிவது ஏன்? அதைப் படம் எடுக்க இருட்டில் மலை ஏறலாமா?

ஐப்பசி பிறந்தாலே ரீல்ஸ் முழுக்க ஒரே காட்சிதான். கீழே வெள்ளை வெளேர்னு மேகம், அதற்கு மேலே தீவு போல மலை முகடுகள், பின்னால் சூரிய உதயம். அதைப் பார்த்துவிட்டு நடுராத்திரி கோவையில் வண்டியைக் கிளப்பி ஊட்டிக்குப் போகிறவர்கள் பலர். சிலருக்குக் காட்சி கிடைக்கிறது. பலருக்கு விண்ட்ஷீல்டுக்கு வெளியே வெறும் வெள்ளைத் திரைதான். ஏன் இப்படி?

மேகக்கடல் எப்படி உருவாகிறது?

பகலில் சூடான நிலம், இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அதனால் மலைச்சரிவு வழியே தண்ணீர் போல இறங்கி, பள்ளத்தாக்கில் தேங்குகிறது. மழையில் நனைந்த மண்ணின் ஈரம் அந்தக் குளிரில் நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. அதுதான் நாம் பார்க்கும் 'மேகம்'.

வழக்கமாக 1,000 மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஆனால் இப்படிப்பட்ட இரவுகளில் பள்ளத்தாக்கில் அது தலைகீழாகிவிடும். கீழே குளிர், மேலே சற்று வெதுவெதுப்பு. மேலே உள்ள காற்று மூடி போட்டது போல நிற்பதால், மூடுபனி மேலே எழ முடியாமல் சமமாகப் பரவுகிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் கடல் மாதிரியே இருக்கும்.

சூரியன் வந்ததும் என்ன ஆகிறது?

இந்த மாதங்களில் நீலகிரியில் சூரிய உதயம் காலை 6.15 மணியை ஒட்டி நடக்கிறது. சரிவுகளில் வெயில் பட்டதும் காற்று சூடாகி எழும்பும். மூடியும் உடையும். பள்ளத்தாக்கில் கிடந்த மூடுபனி மெல்ல மேலேறி, நீங்கள் நிற்கிற ரோட்டுக்கே வந்துவிடும். 'காலையில் பளிச்னு இருந்துச்சு, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஒண்ணுமே தெரியல' என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எந்த நாளில் போனால் கிடைக்கும்?

* முந்தின நாள் மழை பெய்திருக்க வேண்டும்.
* இரவில் வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிய வேண்டும். மேகம் மூடியிருந்தால் அது போர்வை போல வேலை செய்யும். நிலத்தின் சூடு வெளியேறாது.
* காற்று பலமாக வீசக்கூடாது.

இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாய்ப்பு குறைவு. மழை தொடர்ந்து பெய்யும் நாளில் மேகக்கடல் கிடைக்காது, மேகத்துக்குள் பயணம்தான் கிடைக்கும்.

அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில்

குன்னூர் - ஊட்டி சாலையில் இருக்கும் கேத்தி பள்ளத்தாக்கு காட்சிமுனை இந்தப் படங்களுக்குப் பேர்போனது. அதே கேத்தியில்தான் 2009 நவம்பரில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ மழை கொட்டியது. அந்த மழையிலும் நிலச்சரிவுகளிலும் நீலகிரி மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேகக்கடலுக்கு ஈரம் தரும் அதே வடகிழக்குப் பருவமழைதான் மலைச்சரிவின் மண்ணையும் இளக்குகிறது.

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு சுமார் 50 கி.மீ. குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். விடியும்போது கேத்தியில் நிற்க வேண்டுமென்றால் 4 மணிக்கே மலை ஏறத் தொடங்கணும். கல்லாறு, பர்லியாறு பகுதிகளில் யானைகள் ரோட்டைக் கடக்கும். குன்னூர் பக்கம் காட்டெருமை நிற்கும். கரும்பழுப்பு உடம்பு இருட்டிலும் பனியிலும் கிட்டே போகும் வரை கண்ணுக்கே தெரியாது.

அப்போ என்ன செய்யலாம்?

முந்தின நாள் பகலிலேயே மலை ஏறி, குன்னூரிலோ ஊட்டியிலோ தங்கிவிடுவதுதான் நல்லது. அங்கிருந்து கேத்தி காட்சிமுனை அரை மணி நேரத்துக்குள்தான். தூக்கமும் கெடாது. வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருப்பதால், கிளம்பும் முன் அதையும் பார்த்துவிடுங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மூடுபனியில் மாட்டிக்கொண்டால்:

* ஹை பீம் வேண்டாம். நீர்த்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீம், ஃபாக் லைட் போதும்.
* ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.
* கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் ஏசியைப் போட்டு டீஃபாகரை இயக்குங்கள். வெளிப்பக்கம் படிந்தால் வைப்பர்.
* குறுகலான இடத்தில் மலை ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்கும்போது ஏறிய அதே குறைந்த கியர்.
* படம் எடுக்க வளைவில் நிறுத்தவே கூடாது. காட்சிமுனை, அகலமான ஓரம் இரண்டில் மட்டும் நிறுத்துங்கள். காட்டுப்பகுதியில் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

மொபைலில் படம் எடுக்க...

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஹை பீமுக்குச் சொன்ன அதே காரணம்தான். திரையில் பிரகாசமான மேகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் மேகத்தின் மடிப்புகள் தெரியும். கம்பித் தடுப்பில் போனை ஊன்றிப் பிடித்தால் அசையாது. உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே நீல வெளிச்சம் பரவத் தொடங்கிவிடும். அப்போதே தயாராக இருங்கள்.

கூதிர்காலம் என்று தமிழ் சொல்வது இந்த ஐப்பசி, கார்த்திகையைத்தான். இரண்டு மாதம் இருக்கிறது. இன்று காட்சி தப்பினால் இன்னொரு தெளிந்த விடியல் வரும். அதற்காக இருட்டில் ஒரு வளைவைக்கூட அவசரமாகத் திருப்ப வேண்டியதில்லை.