பங்குனி வெயில் கெடாவுக்கு எங்கிருந்து வருகிறது?

“நம் நாட்டில் பருவம் என்று ஒன்றும் கிடையாது, வருடம் முழுவதும் ஒரே வெயில், ஒரே மழை” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தைப்பூசத்தை ஒட்டி ரப்பர் மரங்களில் இலை பழுத்து உதிரத் தொடங்கும். பிப்ரவரியில் பல இடங்களில் மரங்கள் வெறும் கிளைகளாக நிற்கும். பால் குறையும், கூடவே சம்பளமும் குறையும். பிறகு புதுத்தளிர் விட்டு, பூத்து, ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் காய் வெடித்துக் கொட்டை சிதறும். செம்பனைக்கு மாறிவிட்ட தோட்டங்களில் இந்த அடையாளம் இல்லை. செம்பனை எப்போதும் பச்சையாகவே நிற்கும். ஆனால் பருவம் மாறிவிடவில்லை.

மரம் இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அறுபது வயதைத் தாண்டிய உடம்போ, வெயில் தன்னை வாட்டுவதைத் தாமதமாகவே சொல்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது அதனால்தான்.

சாய்ந்து சுற்றும் பூமி

பூமி சூரியனுக்கு அருகில் வந்தால் கோடை, விலகினால் குளிர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில். ஐரோப்பாவில் அப்போது கடுங்குளிர்! பருவங்களுக்குக் காரணம் தூரம் அல்ல, சாய்வு. பூமி 23.5 பாகை சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றி வருகிறது. ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும்; டிசம்பரில் தென்பாதி சாய்ந்திருக்கும். சாய்ந்திருக்கும் பாதியில் வெயில் நேராக விழும், பகலும் நீளும்.

கெடா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 முதல் 6.5 பாகைக்குள் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 40 நிமிடமே வித்தியாசம். ஆகவே நம் பருவங்களைப் பகலின் நீளம் தீர்மானிப்பதில்லை. நாம் பார்க்க வேண்டியது உச்சி வெயிலையும் காற்றையும்.

முதலில் காற்று. வடபாதி குளிரும் மாதங்களில் ஆசியப் பெருநிலம் குளிர்ந்து, அங்கிருந்து காற்று தெற்கு நோக்கி வீசுகிறது. நம் முன்னோர் வாடை என்று சொன்ன வடகிழக்குக் காற்று இதுதான். தமிழ்நாட்டில் அது வங்கக் கடலைத் தாண்டி வந்து ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிறது. இங்கே தென்சீனக் கடலில் ஈரத்தை அள்ளி வந்து கிளந்தான், திரெங்கானுவில் வெள்ளமாகக் கொட்டிவிடுகிறது. நடுவே நிற்கும் மலைகளைத் தாண்டி நம் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் குறைந்திருக்கும். அதனால் கிழக்குக் கரை வெள்ளத்தில் தவித்துச் சில வாரங்களுக்குள் கெடா காய்ந்துபோகிறது.

இனி வெயில். வருடத்தில் இரு முறை சூரியன் கெடாவின் நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் முதல் வாரத்திலும், செப்டம்பர் முதல் பத்து நாள்களிலும். அப்போது நண்பகலில் உங்கள் நிழல் காலடியிலேயே விழும். செப்டம்பரில் மேகமும் மழையும் வெயிலைத் தணித்துவிடும். ஏப்ரலுக்கு அந்தத் துணை குறைவு. ஏற்கெனவே வறண்டு கிடக்கும் மண்ணின்மேல் சூரியன் நேராக நிற்கிறது. பங்குனி வெயிலின் கடுமை இங்கிருந்துதான் வருகிறது. நம் அண்டை மாநிலமான பெர்லிஸில், சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. 2016 ஏப்ரலில் வெப்பத்தால் குபாங் பாசு, பெண்டாங் மாவட்டப் பள்ளிகளை மூட வேண்டியிருந்தது.

கடிகாரத்தை நம்பாதீர்கள்

“மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனி வெயில் இறங்கும்” என்று கிளம்பாதீர்கள். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தது நினைவிருக்கும். அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனை முந்தித்தான் ஓடியது. இன்று ஏப்ரல் மாதத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறக்குறைய 1.20. அதற்குப் பிறகும் தரையும் தகரக் கூரையும் சூடேறிக்கொண்டே இருக்கும். கடுமையான நேரம் 2 மணி முதல் 4 மணி வரை. சந்தை, வங்கி, கிளினிக் வேலைகளைக் காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரு வட்டாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரை வெப்பம் பதிவானால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். 37 முதல் 40 வரை என்றால் அது இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. வானொலியில் உங்கள் மாவட்டத்தின் பெயர் வருகிறதா என்று கேளுங்கள்.

வயதான உடம்பு என்ன செய்கிறது?

வயது ஏற ஏறத் தாகம் எடுப்பது குறைகிறது, வியர்ப்பதும் குறைகிறது. “எனக்குத் தாகமே இல்லையே” என்பது உடம்பில் நீர் போதுமான அளவு இருப்பதற்குச் சான்று அல்ல. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. தாகம் எடுக்காவிட்டாலும் நாளைக்கு 6 முதல் 8 குவளை குடியுங்கள். இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், அந்த அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். வெயில் காலத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சிறுநீரக நோயாளிகள் இளநீரையும் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சிராப்பும் தே தாரிக்கும் தண்ணீருக்கு ஈடாகாது. பியரும் சம்சுவும் உடம்பிலுள்ள நீரையும் சேர்த்து வெளியேற்றிவிடும்.

ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாகப் போக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வெயில் காலம் தொடங்கும் முன்பே எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பங்குனி உத்திரமும் இந்த வெயிலில்தான் வருகிறது. விரதம் இருந்து காவடியோ பால்குடமோ எடுக்கும் எண்ணம் இருந்தால், மாத்திரை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். இனிப்பு நீரால் பாதம் மரத்துப்போனவர்களுக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பிறகே தெரியவரும். காலை வெயில் ஏறும் முன் நேர்த்திக்கடனை முடிப்பது நல்லது.

தலைவலி, கிறுகிறுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் தெரிந்தால் வேலையை நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து, கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். ஆள் உளறினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது உயிருக்கு ஆபத்து. உடனே 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, மேல்துணியைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் ஐஸை வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைத் தணிக்காது.

லயத்து வீடுகளின் தகரக் கூரை பிற்பகலில் அடுப்பாகிவிடும். அந்த நேரத்தில் திண்ணையிலோ மரநிழலிலோ இருங்கள். பிள்ளைகள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலைக்குப் போய்விட, தனியாக இருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை போன் செய்யும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி இருக்கட்டும்.

மழை திரும்பும்போது

ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் இடியுடன் மழை வரும். வறட்சியில் தண்ணீர் பிடித்து வைத்த பீப்பாய்களை மூடி வைக்காவிட்டால் அவை டிங்கிக் கொசுவின் தொட்டில். கொசு முட்டை காய்ந்த பீப்பாயிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு முறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் வலிக்கென்று நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். டிங்கியாக இருந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். இருதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும்போது கால்வாயும் வயலும் நிரம்பும். வெள்ளத்தில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம். காலில் புண் இருந்தால் அதில் இறங்காதீர்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.