சக்கரம் சொல்லும் செய்தி



மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியை நம் முன்னோர் குடம் என்று அழைத்தனர். ஆரக்கால்கள் அதில்தான் வந்து பொருந்தும்; அச்சு அதன் வழியாகத்தான் செல்லும். குடம் காய்ந்து கிறீச்சிட்டால் வண்டி மை இட்டார்கள். கடையாணி தளர்ந்தால் வண்டியை நிறுத்தித் தட்டி இறுக்கினார்கள். "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்ற பழமொழியின் பொருள் அவர்களுக்குக் கண்கூடாகத் தெரிந்திருந்தது.

இன்று நாம் ஓட்டும் காரிலும் அதே குடம் இருக்கிறது. பட்டறைகளில் அதை ஹப் என்கிறார்கள். அது தடையின்றிச் சுழல்வதற்குப் பேரிங் துணை செய்கிறது. இரண்டு எஃகு வளையங்கள், அவற்றுக்கிடையே இரண்டு வரிசை எஃகு குண்டுகள், உள்ளே கிரீஸ். பெரும்பாலான சிறிய கார்களின் பேரிங் இவ்வளவுதான். ஆனால் அதன் உழைப்போ பெரிது. 175/65 ஆர் 14 அளவுள்ள டயர் ஒரு முறை சுற்றினால் கார் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகரும். 1994-ஆம் ஆண்டில் முழுமை பெற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், மணிக்கு 110 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பில் செல்லும்போது அந்தச் சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் ஆயிரம் முறை சுற்றுகிறது. குடும்பத்தின் பாரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு அது அப்படிச் சுற்றுகிறது.

ஹப் தேய்ந்துபோனால் புதியதையோ, பழைய சாமான் கடையில் கிடைப்பதையோ வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்வோர் பலர் இருக்கிறார்கள். பொறுமையும் சரியான கருவிகளும் இருந்தால் இது செய்யக்கூடிய வேலையே. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. காரை ஓட்டிப் பார்க்கும்போது ஏதோ ஒரு சத்தம் கேட்கிறது. "புதிய சாமான், போகப்போகச் சரியாகிவிடும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலரோ "சாமான் கெட்டது" என்று முடிவு கட்டி இன்னொன்றை வாங்குகிறார்கள். முன்னது உயிருக்கு ஆபத்து. பின்னது பணத்திற்கு நட்டம். இரண்டையும் தவிர்ப்பது எப்படி என்பதை இன்று ஆராய்வோம்.

சத்தம் எப்படி இருக்கிறது என்று சொற்களால் விளக்குவது கடினம். ஒருவருக்கு உறுமலாகக் கேட்பது மற்றொருவருக்கு இரைச்சலாகக் கேட்கும். ஆகவே, சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்றே நாம் கேட்கவேண்டும். நல்ல மருத்துவர் நோயாளியிடம் "வலி எப்போது வருகிறது?" என்று கேட்பதைப் போன்றது இது.

ஆனால் அதற்கும் முன்னர் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. சத்தம் எதுவாயினும், முதலில் சக்கர நட்டுகளைச் சோதிக்கவேண்டும். குறைந்த வேகத்தில் 'டொக், டொக்' என்று தட்டுவதும், ஸ்டியரிங் கையில் ஆடுவதும் நட்டுகள் தளர்ந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படித் தோன்றினால் வீடுவரை ஓட்டிச் செல்லலாம் என்று எண்ணாமல், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்திவிடவேண்டும். புதிய ஹப்பில் பூசப்பட்டுள்ள வண்ணம் தேய்ந்தாலும், அதில் பதித்த போல்ட்டுகள் முழுமையாக உள்ளே அமராமல் இருந்தாலும், முதல் நாள் நன்றாக இறுக்கிய நட்டு மறுநாள் தளர்ந்துவிடும். அதனால்தான் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் இறுக்கத்தைச் சரிபார்க்கும்படி கூறுகிறார்கள்.

எவ்வளவு இறுக்குவது? பல சிறிய கார்களின் சக்கர நட்டுகளுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவிலான இறுக்கம் வேண்டும். அதாவது, ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருகு விசை. சரியான அளவு அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். அதைக் கை வலுவால் ஊகிக்காமல், அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும். பக்கத்து நட்டை அடுத்தடுத்து இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினால்தான் சக்கரம் சாயாமல் அமரும்.

இனி, சத்தம் பழையதா, புதியதா என்று கேட்போம். ஹப்பை மாற்றுவதற்கு முன்பிருந்த அதே உறுமல் இப்போதும் சற்றும் குறையாமல் கேட்டால், நோய் வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள். உறுமல் காரின் உடல் வழியே பரவுவதால், வலப்பக்கத்துச் சத்தம் இடப்பக்கத்தில் கேட்பது போல் தோன்றுவதுண்டு. சீரற்றுத் தேய்ந்த டயரும் கெட்டுப்போன பேரிங்கைப் போலவே உறுமும். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் வெகுவாக மாறினால் டயரைச் சந்தேகிக்கலாம். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் ஐயம் தீர்ந்தது.

சத்தம் புதியதாக இருந்தால், வேலையின்போது கைபட்ட இடங்களில்தான் முதலில் தேடவேண்டும். மெல்லிய தகரம் உரசுவது போன்ற ஒலி, மெதுவாகச் செல்லும்போதே கேட்கிறதா? பிரேக் டிஸ்க்கின் பின்னால் தூசி படாமலிருக்க ஒரு மெல்லிய தகடு உண்டு. ஹப்பைக் கழற்றும்போது அது சிறிது வளைந்து டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையால் மெல்ல விலக்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும். ஒரு காசும் செலவில்லாத இந்தப் பழுதை அறியாமல் புதிய ஹப்பையே குறை கூறுவோர் உண்டு.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் கால் துடிக்கிறதா? ஹப்பும் டிஸ்க்கும் சேரும் முகத்தில் துருப்பிடித்த செதில் மாட்டியிருக்கலாம். டிஸ்க்கின் ஆட்டம் பல கார்களில் ஒரு தாளின் கனமான 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். சிறு துருத் துணுக்குகூட அதைக் கெடுத்துவிடும். கழற்றிக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்வதே மருந்து.

வேகம் கூடக்கூட உறுமலும் கூடுகிறதா? கியரை மாற்றினாலும் அதே வேகத்தில் அது மாறாமல் இருக்கிறதா? அப்படியானால் அது எஞ்சினிலிருந்து வருவதன்று, சக்கரத்திலிருந்து வருவது. எந்தச் சக்கரம் என்று அறிய, வளைவுகள் உதவும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகச் செல்வதால், சுற்றுவட்டத்தில் கார் வலப்பக்கமாக வளைந்தபடியே செல்கிறது. அப்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்கள் மீது சாய்கிறது. உறுமல் அங்கே கூடினால் இடப்பக்கப் பேரிங்கையும், இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கப் பேரிங்கையும் சந்தேகிக்கலாம்.

சந்தேகம் தீர்ப்பாகிவிடாது. காரைச் சமதளத்தில் ஜாக்கால் உயர்த்தி, தவறாமல் தாங்கு கால்களின் மீது நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே கை வைக்கக்கூடாது. சக்கரத்தைக் கையால் சுழற்றி, மற்றொரு கையால் சஸ்பென்ஷன் சுருள்வில்லைத் தொட்டால் கெட்ட பேரிங்கின் நறநறப்பு விரலுக்குத் தெரியும். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில். மறையாவிட்டால் குறை கீழுள்ள மூட்டுகளில்.

புதிய பேரிங் ஏன் உறுமவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். பல கார்களில் பேரிங்கை அதன் உறைக்குள் அழுத்திப் பொருத்தவேண்டும். உறைக்குள் செலுத்தும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்தவேண்டும். ஹப்பை அதற்குள் செலுத்தும்போது உள் வளையத்திற்குத் தாங்கல் கொடுக்கவேண்டும். மாற்றிச் செய்தாலும், சுத்தியலால் அடித்தாலும், விசை முழுவதும் நடுவிலுள்ள குண்டுகள் வழியே பாய்ந்து, வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கிவிடும். அப்படிப்பட்ட பேரிங் பிறக்கும்போதே நோயுடன் பிறந்தது. ஓட ஓட மோசமாகுமே தவிர, குணமாகாது. நான்கு போல்ட்டுகளால் அப்படியே பொருத்தும் ஹப்புகளுக்கு இந்த ஆபத்து இல்லை.

காரை நகர்த்தத் தொடங்கும்போதும், முன்னும் பின்னுமாக மாறும்போதும் ஒரே ஒரு 'டக்' ஒலி கேட்டால், டிரைவ் ஷாஃப்ட்டின் முனையிலுள்ள பெரிய நட்டைப் பாருங்கள். அதுவே இன்றைய கடையாணி. அது சரியான அளவுக்கு இறுகாமல் காரின் பாரத்தைச் சக்கரத்தின் மீது வைத்து உருட்டினால் புதிய பேரிங்கும் கெட்டுவிடும். விளிம்பைத் தட்டிப் பூட்டும் வகை நட்டாக இருந்தால், பழையதை மறுபடியும் பயன்படுத்தாமல் புதியதையே போடவேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாகச் செல்லும்போது 'டக் டக் டக்' என்று தொடர்ந்து கேட்டால், அது ஷாஃப்ட்டின் வெளி மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். மேடு பள்ளங்களில் மட்டும் சத்தம் வந்தால், வேலையின்போது கழற்றிய மற்ற போல்ட்டுகளில் ஒன்று இறுகாமல் இருக்கலாம்.

சத்தமே இல்லாமல் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிவதும் உண்டு. சில பேரிங்குகளின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் கருவி அதைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறது. பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் அந்தக் கருவி குருடாகிவிடும்.

ஆக, நேயர்களே, வரிசை இதுதான்: முதலில் ஆபத்தானதைச் சோதிப்போம்; அடுத்துச் செலவில்லாததைச் சோதிப்போம்; அதன் பிறகே சாமானைக் குறை கூறுவோம். நட்டுகள் சரியாக இருந்தும் உறுமலோ ஆட்டமோ நீங்காவிட்டால், காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டு செல்லாமல் தேர்ந்த பட்டறைக்காரரிடம் காட்டுவதே அறிவுடைமை. அவரிடம் "ஏதோ சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது வருகிறது, எதனால் மாறுகிறது என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.